கிளிக்குஞ்சின் நடத்தையைப் புரிந்துகொள்ள ஆறு வார ஆலோசனைச் சேவை: எங்கள் அனுபவம்

பச்சைக் கன்னக் கோனூர் என்னும் சிறிய கிளியினத்துக் குஞ்சு ஒன்றை நாங்கள் தத்தெடுத்த மூன்றாம் நாள் மாலை, பதினொரு வயதான என் மகள் தன் விரலில் பதிந்திருந்த அலகுத் தடத்தைக் காட்டி, "அம்மா, இதுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை" என்று அழுதாள். பத்து வாரமே ஆன, அறுபது கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள அந்தச் சிற்றுயிர், அன்று காலையில்தான் அவளுடைய சட்டைக் காலருக்குள் புகுந்து அரை மணி நேரம் உறங்கியிருந்தது. ஒரே நாளில் அன்பும் வெறுப்பும் மாறி மாறி வருவதாகவே எங்களுக்குத் தோன்றியது. அதன் அடர் சிவப்பு வாலைப் பார்த்து மகள் அதற்குக் குன்றி என்று பெயர் வைத்திருந்தாள். கிளி வளர்ப்பில் எனக்கு முன்னனுபவம் கிடையாது. நாயின் வாலாட்டத்தையும் பூனையின் உறுமலையும் படித்துப் பழகிய கண்ணுக்குக் கிளியின் உடல்மொழி பிடிபடவில்லை. புதிதாகக் கிளிக்குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் ஆறு வார இணையவழி ஆலோசனைச் சேவை ஒன்றில் அந்த வாரமே சேர்ந்தோம். அது முடிந்து சில மாதங்கள் கடந்த பிறகு, அதில் எது எங்களுக்கு உதவியது, எது உதவவில்லை என்பதை நிதானமாக எண்ணிப் பார்த்து இதை எழுதுகிறேன்.

சேர்ந்தவுடன் ஒரு நீண்ட வினாப் படிவம் வந்தது. குஞ்சு தாய் தந்தைப் பறவைகளிடம் வளர்ந்ததா, மனிதர் கையால் ஊட்டி வளர்க்கப்பட்டதா, கைத்தீனியை எந்த வயதில் நிறுத்தினார்கள், உடன்பிறந்த குஞ்சுகளோடு எத்தனை வாரம் இருந்தது, இறக்கை வெட்டப்பட்டிருந்தால் அதற்கு முன் ஒரு முறையேனும் பறந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பாதிக் கேள்விகளுக்கு எங்களிடம் விடை இல்லை. குஞ்சைத் தந்தவர்களிடம் மறுபடி விசாரித்தபோதுதான், அது பறக்கத் தொடங்கும் முன்பே இறக்கை வெட்டப்பட்டதும், கைத்தீனியை நிறுத்திய ஐந்தாம் நாளிலேயே எங்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் தெரியவந்தன. தத்தெடுப்பதற்கு முன்பு நாங்களே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. படிவத்தை அடுத்து, காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் அறையில் யாரும் இல்லாதபோது ஐந்து நிமிடமும், நாங்கள் அருகில் இருக்கும்போது ஐந்து நிமிடமும் காணொளி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு காணொளி உரையாடல், இடையிடையே எழுத்து வழியாகக் கேள்வி கேட்கும் வசதி, ஒரு குறிப்பேடு, ஓர் உடல்மொழி அட்டை ஆகியவையே இந்தச் சேவையில் அடங்கியவை.

இவற்றுள் விலைமதிப்பற்றது என்று நான் கருதுவது அந்தக் குறிப்பேட்டைத்தான். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் மட்டுமே உண்டு: முன்பு என்ன நடந்தது, பறவை என்ன செய்தது, அடுத்த நொடி என்ன நடந்தது. கோபம், பயம், பிடிவாதம், பொறாமை போன்ற சொற்களை முதல் வாரம் முழுவதும் எழுதவே கூடாது என்பது அவர்கள் விதித்த ஒரே கட்டுப்பாடு. "கோபப்பட்டுக் கடித்தது" என்று எழுதக் கூடாது. "நான் விரலை நீட்டினேன், கழுத்தை நீட்டி அலகைத் திறந்து விரலைப் பற்றியது, நான் கையை இழுத்துக்கொண்டேன்" என்று எழுத வேண்டும். முதல் இரண்டு நாள் இது வீண் வேலையாகவே தோன்றியது. குஞ்சின் மனத்தில் இருப்பதைச் சொல்லித் தருவார்கள் என்று நம்பிப் பணம் கட்டியிருந்த எனக்கு, மனத்தைப் பற்றி எதையுமே எழுதாதே என்று சொன்னது ஏமாற்றமளித்தது. நான்காம் நாள் நாங்கள் மூவரும் எழுதியவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தபோது, நாங்கள் ஒரே சொல்லால் 'கடி' என்று அழைத்துக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று வேறு நிகழ்ச்சிகள் என்பது கண்முன் தெரிந்தது.

முதலாவது, விரலில் ஏறும்போது நிகழ்வது. மகள் விரலை நீட்டுகிறாள், குஞ்சு குனிந்து அலகைத் திறந்து விரலைத் தொடுகிறது, கடிக்கப் போகிறது என்று பயந்து அவள் விரலைச் சட்டென்று பின்னிழுக்கிறாள், குஞ்சு நிலைதடுமாறுகிறது, மறுமுறை முன்னைவிட இறுக்கமாகப் பற்றுகிறது. ஆலோசகர் எங்கள் காணொளியின் வேகத்தைக் குறைத்துக் காட்டியபோது, அலகு அழுந்துவதற்கு முன்பு நாக்கு இரண்டு முறை விரலைத் தொட்டு ஆராய்வது தெளிவாகத் தெரிந்தது. கிளிகளுக்கு அலகு என்பது உணவை உடைக்கும் கருவி மட்டுமன்று. ஏறும்போது அது மூன்றாவது காலாகவும், புதுப்பொருளை அறியும்போது நாக்கோடு சேர்ந்து கையாகவும் வேலை செய்கிறது. புதுக் கிளையில் எடையை ஏற்றுவதற்கு முன் அது தாங்குமா என்று அலகால் பற்றிப் பார்ப்பது கிளியின் இயல்பு. தொட்டவுடன் நழுவும் கிளையை அது நம்பாது. ஆகவே, விரலை வயிற்றின் அடிப்பகுதிக்கு நேராக, கால்களுக்குச் சற்று மேலே கொண்டுபோய், அலகு தொட்டாலும் அசையாமல் வைத்திருக்கும்படி சொன்னார்கள். மகள் முதலில் ஒரு மரக்குச்சியை வைத்துப் பழகி, பிறகு விரலை நீட்டினாள். நான்கு நாளில் அந்தக் 'கடி' நின்றுபோயிற்று.

இரண்டாவது, தீனிக் கிண்ணத்தை மாற்றக் கூண்டுக்குள் கை நுழையும்போது நிகழ்வது. இதில் நாக்கு ஆராய்வதில்லை; உடல் மெலிந்து நீள, இறகுகள் உடலோடு ஒட்டிப் படிய, குஞ்சு பின்வாங்கி மூலையை அடைந்த பிறகே கடிக்கிறது. மேலிருந்து இறங்கும் கை, இரையாகும் உயிரினம் ஒன்றின் கண்ணுக்கு வல்லூறின் நிழலைப் போன்றது என்று ஆலோசகர் சொன்னார். அதைக் கேட்ட பின்பு என் கையை நானே வேறு கண்ணால் பார்த்தேன். கிண்ணத்தைப் பக்கவாட்டுக் கதவு வழியாக வைப்பதும், கை நுழையும்போதெல்லாம் ஒரு தினைமணி கிடைக்கும்படி செய்வதும் இதற்குப் போதுமானவையாக இருந்தன. மூன்றாவது கடி, மாலை ஆறு மணிக்குப் பிறகு மட்டுமே குறிப்பேட்டில் இருந்தது. அதற்கு முந்தைய பத்தியில் எங்கள் மூவரின் கையெழுத்திலும் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்தது: கொட்டாவி விட்டது, ஒரு காலை மடக்கியது, கண் பாதி மூடியது, நாங்கள் விளையாடக் கூப்பிட்டோம். குஞ்சு உறக்கத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் வேலையும் பள்ளியும் முடிந்து வீடு திரும்பிய மகிழ்ச்சியில் அதை விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தோம். கிளிகளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர இருளும் அமைதியும் தேவை; குஞ்சுகளோ பகலிலும் பல முறை உறங்கும். அதை அன்று முதல் எங்கள் ஓய்வு நேரத்துக்கு ஏற்ப இழுக்காமல், அதன் உறக்கத்துக்கு ஏற்ப எங்கள் மாலை நேரத்தை மாற்றிக்கொண்டோம்.

ஒரே செயலுக்கு மூன்று காரணங்கள், மூன்று தீர்வுகள். கடிப்பதைத் தடுக்க என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஏதேனும் ஒன்றை மூன்று வேளையும் பின்பற்றியிருந்தால், குறைந்தது இரண்டு வேளை குஞ்சுக்குத் தீங்கு செய்திருப்போம். அலகைத் தட்டுவது, கையை ஆட்டி அதைத் தடுமாறச் செய்வது போன்ற முறைகளை நான் பலர் வாயிலாகக் கேட்டிருந்தேன். சேவையினர் அவற்றை முற்றாக விலக்கச் சொன்னதோடு, ஏன் என்பதையும் எங்கள் காணொளியிலிருந்தே விளக்கினார்கள்.

கைத்தீனி விஷயத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தச் சேவையின் சிறப்பும் குறையும் அதில்தான் ஒருங்கே வெளிப்பட்டன. வந்த இரண்டாம் நாள் முதல் குன்றி உடலைத் தாழ்த்தி, இறக்கைகளைச் சற்றே விரித்து நடுக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி, இடைவிடாத மெல்லிய முனகலைப் போன்ற ஒலியை எழுப்பியது. எங்களுக்கு அது நடனமாகப் பட்டது. மகள் கைதட்டி மகிழ்ந்தாள். அது உணவு இரந்து கேட்கும் குஞ்சின் செயல் என்றும், கைத்தீனியை மறந்துவிட்ட குஞ்சுகள்கூட வீடு மாறும் அதிர்ச்சியில் மீண்டும் இந்த நிலைக்குத் திரும்புவதுண்டு என்றும் முதல் உரையாடலிலேயே ஆலோசகர் சொன்னார். கிராம் கணக்கில் துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசின்மேல் ஒரு சிறு இருக்கைக் கம்பை வைத்து, ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் எச்சம் இட்ட பிறகு, தீனி தின்னும் முன்பு எடை பார்க்கச் சொன்னார். ஊறவைத்து மென்மையாக்கிய பெல்லட் என்னும் குறுமணித் தீனியும் நறுக்கிய காய்கறியும் தினைக்கதிரும் நாள் முழுவதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார். எல்லாமே பொருத்தமான அறிவுரைகள். தராசில் ஏறுவதையே ஒரு பயிற்சியாக்கி, குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு தினைமணி என்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படாமல் பழக்கியதில், அது தானாகவே நடந்துவந்து தராசில் ஏறி நின்றது. மகளின் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆனால் எடை இறங்கிக்கொண்டே வந்தது. முதல் நாள் 64 கிராம், ஐந்தாம் நாள் 61, ஒன்பதாம் நாள் 58. பறக்கத் தொடங்கும் பருவத்தில் குஞ்சுகள் இயல்பாகவே சற்று மெலியும் என்று குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பி முதல் ஐந்து நாள் பொறுத்திருந்தேன். ஒன்பதாம் நாள் வார விடுமுறையாக அமைந்தது. காலை எட்டு மணிக்கு அனுப்பிய கேள்விக்கு மாலை வரை மறுமொழி வரவில்லை, மறுநாளும் வரவில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே அது காத்திருக்கக் கூடாத நிலை என்பதை நான் வேறிடத்தில் படித்து, பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் குன்றியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கழுத்தின் கீழுள்ள தீனிப்பையைத் தடவிப் பார்த்தார். கூண்டின் அடியில் விரித்திருந்த தாளைக் கொண்டுவந்திருந்ததால் எச்சத்தையும் ஆராய்ந்தார். எச்சத்தில் திடப்பகுதி, வெண்மையான பகுதி, நீர்ப்பகுதி என மூன்று உண்டு. குன்றியின் எச்சம் அளவில் சிறுத்து, திடப்பகுதி கரும்பச்சையாக இருந்தது. போதிய உணவு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளம். குஞ்சு நாள் முழுவதும் தீனிக் கிண்ணத்தில் இருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். அது பெல்லட்டை நொறுக்கி விளையாடியதே தவிர விழுங்கியது மிகக் குறைவு. கிண்ணத்தின் அடியில் குவிந்திருந்த தூளை அது உண்ட மிச்சமென்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

ஒரு வாரத்துக்கு இரவில் ஒரு வேளை கைத்தீனி கொடுக்கும்படி மருத்துவர் சொல்லி, அதைச் செய்யும் முறையையும் நேரில் காட்டினார். தீனிக் கூழின் சூடு 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். ஆறிப்போனால் குஞ்சு மறுக்கும், தீனிப்பையும் காலியாகத் தாமதமாகும். அதிகச் சூடானால் தீனிப்பையின் சுவர் வெந்துவிடும். நுண்ணலை அடுப்பில் (மைக்ரோவேவ்) சூடாக்கினால் கூழில் சில இடம் மட்டும் கொதித்திருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பழக்கமில்லாதவர் ஊசிக்குழலால் ஊட்டும்போது கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்க் குஞ்சு இறந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால், ஓரங்களை மடித்த கரண்டியைத் தந்தார். ஆறாம் நாள் குன்றி தானாகவே கரண்டியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. எடை 65 கிராமில் நின்றது. முனகலும் தலையாட்டலும் அடங்கின. திங்கட்கிழமை நண்பகலில் சேவையிலிருந்து வந்த மறுமொழி கனிவாக இருந்தது, மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். இருந்தாலும், நடத்தை ஆலோசனை எங்கே முடிகிறது, மருத்துவம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை முதல் நாளிலேயே எழுதித் தராதது பெரும் குறை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவையே வேட்டையாடிக்கு முதலில் இரையாகும் என்பதால், கிளிகள் தம் நலிவைக் கடைசி வரை மறைக்கும் இயல்புடையவை. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் அசைவது, கூண்டின் தரையில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருப்பது, பகல் முழுவதும் கண்மூடிக் கிடப்பது ஆகியவற்றைக் கண்டால் குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மூன்று வரி அந்த அட்டையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த உடல்மொழி அட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறிப்பேடு எந்த அளவுக்குச் சிந்தித்து அமைக்கப்பட்டதோ, அந்த அளவுக்கு இந்த அட்டை அவசரமாக அமைக்கப்பட்டிருந்தது. இருபது படங்களுக்கு எதிரே இருபது பொருள்கள். கண்மணி சுருங்கி விரிந்தால் கிளர்ச்சி என்பது முதல் படம். வெளிறிய மஞ்சள் கண்ணுடைய முதிர்ந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியிடத்திலும், ஆரஞ்சு வளையம் உடைய அமேசான் கிளியிடத்திலும் அதைத் தொலைவிலிருந்தே காணலாம். குஞ்சின் கண்ணோ கருத்திருக்கும். சாம்பல் கிளியின் குஞ்சுக்கும் அப்படித்தான். கரிய கண்ணில் கண்மணியின் எல்லையே தெரியாதபோது அந்த அடையாளத்தால் என்ன பயன்? கொண்டை நிமிர்ந்தால் வியப்பு என்பது இன்னொரு படம். அது காக்கட்டீலுக்கும் காக்கட்டூவுக்கும் உரியது, கோனூருக்குக் கொண்டையே கிடையாது. இறகைச் சிலிர்த்தால் நோய் என்று ஒரு படம் மொட்டையாகச் சொல்கிறது. உறக்கத்துக்கு முன்பும், குளித்து முடித்ததும், தலையைக் கோதக் கேட்கும்போதும் இறகைச் சிலிர்ப்பது நலமான பறவையின் செயலே. எவ்வளவு நேரம் சிலிர்த்திருக்கிறது, அப்போது வேறென்ன செய்கிறது என்பவையே பொருளைத் தீர்மானிக்கின்றன. இதைத்தான் அவர்களுடைய குறிப்பேடு கற்பிக்கிறது. அவர்களுடைய அட்டையே அதை மறுக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுக் குறிப்பேட்டில் தொடங்குவது நல்லது.

அலறலைப் பற்றிய மூன்றாம் வார உரையாடல் நான் பெரிதும் மதிக்கும் பகுதி. நாங்கள் அறையை விட்டு வெளியேறியதும் குன்றி உரத்த ஒற்றை ஒலியை எழுப்பும். திரும்பி வரும் வரை நிறுத்தாது. அலறினால் கண்டுகொள்ளாதீர்கள், தானே நின்றுவிடும் என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஆலோசகர் அதற்கு முன்பு ஒன்றைக் கேட்டார்: அது கூப்பிடும்போது யாராவது பதில் சொல்கிறீர்களா? கிளிகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றையொன்று காணாதபோது குரல் கொடுத்து, பதில் குரல் கேட்டு, உடனிருப்பதை உறுதி செய்துகொள்கின்றன. பதில் வராத குரல் மேலும் உரத்து எழுவது இயல்பு. இந்த இடத்தில் அவர் சொன்ன ஓர் ஆய்வு என் மனத்தில் ஆழப் பதிந்தது. வெனிசுவேலாவில் கூட்டுப் பெட்டிகளில் வாழும் பச்சைப் பிட்டச் சிறுகிளிகளைக் கார்ல் பெர்க் என்ற ஆய்வாளர் தம் குழுவினரோடு கூட்டுக்குள் ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் பெயரைப் போன்ற தனித்த அழைப்பொலி உண்டு. குஞ்சுகள் அதைத் தம்மை வளர்ப்பவர்களிடமிருந்து கற்கின்றன. முட்டைகளை வேறு கூடுகளுக்கு மாற்றி வைத்தபோதும், குஞ்சுகளின் அழைப்பொலி பெற்ற பறவைகளுடையதை ஒத்திராமல் வளர்த்த பறவைகளுடையதையே ஒத்திருந்தது.

அதைக் கேட்டு முடித்தபோது, இத்தனை நாள் அந்தக் குஞ்சு எங்களைக் கூப்பிட்டிருக்கிறது, நாங்கள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறோம் என்ற வருத்தம் எனக்கு ஏற்பட்டது. ஆலோசகரின் வழி எளியது. எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சிறு சீழ்க்கையை முடிவு செய்தோம். அறையை விட்டுப் போகும்போது அதை ஒருமுறை ஒலிப்போம். குன்றி மெல்லிய குரல் கொடுத்தால் உடனே அதே சீழ்க்கையால் பதில் தருவோம். உரத்த அலறலின்போது மட்டும் ஒரு நொடி அமைதி வரும் வரை காத்திருந்து பதில் தருவோம். மூன்று வாரத்தில் அது எங்கள் சீழ்க்கையைத் தன் குரலில் திருப்பிச் சொன்னது. அலறல் முற்றிலும் நின்றுவிடவில்லை. விடியலிலும் அந்தியிலும் கிளிகள் சற்று நேரம் கூவுவது அவற்றின் இயல்பு, அதை நிறுத்த முயல்வதும் தவறு. அமைதியான செல்லப்பிராணியைத் தேடுபவர்களுக்குக் கிளி பொருந்தாது என்பதை ஆலோசகர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சிறியனவாகத் தோன்றினாலும் எங்களைக் கலங்கடித்த வேறு சிலவற்றையும் அவர்கள் விரைவாகத் தெளிவாக்கினார்கள். கம்பை இறுகப் பற்றிக்கொண்டு இறக்கைகளை வேகமாக அடித்தது, தப்பியோடும் முயற்சியன்று. பறக்க வேண்டிய பருவத்தில் தசைகளுக்குத் தரும் பயிற்சி. இறக்கை வெட்டப்பட்ட குஞ்சுக்கு அது இன்னும் இன்றியமையாதது என்பதால், இருக்கைக் கம்புகளைத் தாழ்வாக இறக்கி, அடியில் தடித்த துணி விரிக்கச் சொன்னார்கள். உறங்கும் முன் அலகை அரைத்து எழுப்பும் கரகரப்பு, நிம்மதியின் ஒலி. ஒரு நாள் அதிகாலையில் குன்றி கூண்டின் மூலையில் கால்களை மேலே தூக்கி மல்லாந்து கிடந்ததைக் கண்டு என் உயிரே போய்விட்டது. நான் எழுப்பிய ஓசையில் அது எழுந்து சோம்பல் முறித்தது. கோனூர்களில் சில இப்படி மல்லாந்து உறங்குவதுண்டாம். நாங்கள் ஆசையாக வாங்கித் தொங்கவிட்டிருந்த துணிக் குடிசையை மட்டும் உடனே எடுத்துவிடச் சொன்னார்கள். அதன் நூலிழைகள் நகத்தில் சிக்கும், விழுங்கினால் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளும், இருண்ட பொந்து போன்ற இடம் வளர்ந்த பிறகு கூடுகட்டும் உணர்வையும் தூண்டும். ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வெளிவரும் ஆவி பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும் என்ற எச்சரிக்கையும் முதல் கடிதத்திலேயே இருந்தது; அன்றே அத்தகைய பாத்திரங்களை வீட்டை விட்டு அகற்றினோம்.

விளையாட்டுப் பொருள்கள் பற்றிய ஐந்தாம் வாரம் சுமாரானது. தீனியைத் தேடித் தின்ன வைக்கும் பொருள்கள் ஏன் வேண்டும் என்பதற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளைக் கொண்டு செய்த ஆய்வை, அதாவது உணவு தேடும் வாய்ப்பும் ஏறிப் பழகும் பொருள்களும் மிகுந்த கூண்டுகளில் தம் இறகைத் தாமே பிடுங்கும் பழக்கம் குறைந்ததாக 2003இல் வெளியான முடிவைச் சொன்னார்கள். காரணம் சரி, ஆனால் அவர்கள் காட்டிய பொருள்கள் எல்லாம் வளர்ந்த கிளிக்கு உரியவை. குஞ்சு அவற்றைக் கண்டு கூண்டின் மறுகோடிக்கு ஓடியது. கசக்கிய வெள்ளைத்தாளுக்குள் தினைமணிகளை மடித்து, முதல் நாள் கூண்டுக்கு வெளியே, மறுநாள் கம்பிக்கு அருகில், மூன்றாம் நாள் உள்ளே என்று நாங்களே படிப்படியாக வைத்தது பலன் தந்தது.

இன்னொரு குறை, சேவையின் கால அளவு. ஆறு வாரம் என்பது குஞ்சு வீட்டுக்குப் பழகும் காலத்துக்கு மட்டுமே போதுமானது. முதல் இறகு உதிர்ப்பும் பருவ மாற்றமும் அதற்குப் பிறகே வருகின்றன. நன்கு பழகிய கிளியைப் பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான் என்று எங்கள் மருத்துவர் வருந்திச் சொன்னார். சரியாகப் பேணினால் இருபது ஆண்டுக்கும் மேல் வாழக்கூடிய பறவைக்கு, ஆறாம் மாதத்திலும் ஓராண்டு நிறைவிலும் ஒவ்வோர் உரையாடலேனும் இதே கட்டணத்தில் சேர்த்திருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே கிளி வளர்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சேவை தேவைப்படாது. மூன்று பத்திக் குறிப்பேட்டை அவர்கள் தாமே அமைத்துக்கொள்ளலாம். முதன்முறையாகக் குஞ்சைக் கொண்டுவருபவர்களுக்கு, அதுவும் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு, நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் சேரும் முன்பே பறவை மருத்துவர் ஒருவரைக் கண்டறிந்து, அவருடைய விடுமுறை நாள் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

குன்றிக்கு இப்போது எட்டு மாதம். கடந்த வாரம் தலையிலும் கழுத்திலும் முள்ளைப் போன்ற குருத்திறகுகள் கிளம்பின. தலையைத் தாழ்த்திக் கோதக் கேட்டுவிட்டு, கை பட்டதும் வெடுக்கென்று கடித்தது. மகள் அழவில்லை, அலமாரியிலிருந்து குறிப்பேட்டை எடுத்து வந்து இரண்டு நாள் எழுதினாள். புதிதாகக் கிளம்பிய, இன்னும் இரத்த ஓட்டமுள்ள கருத்த குருத்துகளில் விரல் பட்டபோது மட்டும் கடித்திருக்கிறது. உறை வெளுத்துக் காய்ந்த குருத்துகளை நகநுனியால் மெல்ல உதிர்த்தபோது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை இன்னும் நீட்டியிருக்கிறது. நேற்றைய பக்கத்தின் மூன்றாம் பத்தியில் அவள் எழுதியிருப்பது: "கறுப்பைத் தொடாமல் வெள்ளையை மட்டும் கோதினேன். பத்து நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு தூங்கிவிட்டது."